முந்தமாட்டோம் என்னும் வாக்கு

1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஹிரோஷிமா நகரின்மீது வீசப்பட்ட ஒரே குண்டினால், அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில் இராஜபாளையம் நகரின் மக்கள்தொகை 1,30,000-க்குச் சற்று மிகுதி. நூற்பாலைகள் நிறைந்த அவ்வூர் முழுவதும் மடிந்து, அண்டையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல தெருக்கள் வெறுமையானால் எத்துணை அழிவோ, அத்துணை அழிவு அது. அணு ஆயுதக் கொள்கை தில்லிப் பெருமக்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர இக்கணக்கே போதும்.

நம் நாடு இவ்வாயுதத்தை எளிதில் நாடிவிடவில்லை. அணுச் சோதனைகளை நிறுத்துமாறு 1954-இல் நேரு உலகை வேண்டினார். 1962-இல் எண்பதைக் கடந்த முதுமையிலும் ராஜாஜி அமெரிக்கா சென்று, அதிபர் கென்னடியிடம் அதனையே வற்புறுத்தினார். 1964-இல் சீனா சோதனை நடத்தவே, இங்கும் எண்ணம் மாறத் தொடங்கிற்று. 1974 மே 18-இல் பொக்ரானில் நிகழ்ந்ததை, அமைதி நோக்குடைய வெடிப்பு என்றனர். 1998 மே 11, 13 நாட்களில் அத்திரையும் விலகிற்று. நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள் அப்பணியில் முன்னின்றார்கள். அம்மாத இறுதியிலேயே பாகிஸ்தானும் சோதனை நடத்திற்று.

ஆயுதம் வந்தபின் அதற்கோர் வரம்பு வேண்டுமன்றோ? திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு 1999-இல் வரைவொன்றை அளித்தது. 2003 ஜனவரி 4-இல் அமைச்சரவைக் குழு கொள்கையை அறிவித்தது. நாம் முந்தித் தாக்கமாட்டோம். தாக்கப்பட்டால் பேரளவில் திருப்பித் தாக்குவோம் என்பது அதன் சாரம். அவ்வச்சமே பகைவனைத் தடுக்கும் என்பது கருத்து. ஆயினும் இரசாயன, கிருமி ஆயுதங்களால் தாக்கப்பட்டால் அணு ஆயுதத்தை எடுக்கும் உரிமை உண்டென ஒரு விலக்கும் அதிலேயே சேர்ந்தது. 2019 ஆகஸ்ட் 16-இல் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் பொக்ரானில் நின்று, இதுவரை அவ்வாக்கைக் காத்தோம், எதிர்காலம் சூழ்நிலையைப் பொறுத்தது என்னும் பொருள்படக் கூறினார்.

ஆற்றலைத் திரட்டி வைக்கச் சொல்லும் திருமறை, பகைவர் சமாதானத்தின்பால் சாய்ந்தால் நீரும் சாய்க என்று அடுத்த வசனத்திலேயே பணிக்கின்றது. ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லாதீர், கனிமரங்களை வெட்டாதீர் என உபதேசித்தார்கள். அணுகுண்டுக்கு அவ்வேற்றுமை தெரியாது. வீசப்பட்ட பின் அதனிடம் அறம் பேசவும் இயலாது. ஆதலின் அறம் நிற்கக்கூடிய இடம், அதனை ஏந்துவோர் முன்னரே தரும் வாக்கு ஒன்றே. கலாம் அவர்களின் அறிவால் பெருமிதம் கொள்ளும் நம் குடும்பங்கள், அவ்வாக்கு தளராதிருக்கவும் கருத்தூன்றிக் கவனித்தல் கடமையாகும். வாக்கை நிறைவேற்றுதல் ஈமானின் அடையாளமன்றோ!