பம்ப்செட் கொட்டகையில் ஒரு வேன்கார்டு

நம்ம செங்கல்பட்டைத் தாண்டினா வண்டலூர். ஒரு காலத்துல அங்கே கார் கம்பெனி இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948 கடைசியில் ஆரம்பிச்சது. ஹெரால்டு கார் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கு முன்னாடி அவங்க செஞ்சது வேன்கார்டு. இங்கிலாந்தில் 1947ல் அறிமுகமான வண்டி. நாலு சிலிண்டர், 2088 சிசி பெட்ரோல் எஞ்சின்.

இந்த எஞ்சினோட குடும்பம்தான் எனக்குப் பிடிச்ச சங்கதி. அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் உழுதது. 1991 சிசியாகச் சுருக்கி டிரயம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது.

உத்திரமேரூர்ப் பக்கம் கிணத்துக் கொட்டகையில் கிடக்கிற எல்லாமே நம்ம ஆளுங்களுக்கு "ஆயில் எஞ்சின்"தான். எங்க பெரியப்பா கொட்டகையில் கிடந்ததையும் காயலாங்கடைக்காரர் கிலோ கணக்குல பேசி முடிச்சிருந்தார். பார்த்தா நாலு ஸ்பார்க் பிளக். டீசல் எஞ்சினுக்குப் பிளக் எதுக்கு? "பெரியப்பா, ரெண்டு நாள் பொறுங்க"ன்னு சொல்லிட்டு, மண்ணெண்ணெய் விட்டு பிரஷ்ஷால் தேய்ச்சேன். மேலே சாக்பீஸ் பூசினதும் பிளாக்கில் நம்பர் தெரிஞ்சது. ஆங்கில 'வி'யில் தொடங்கி 'ஈ'யில் முடிஞ்சது. வேன்கார்டு! டிஆர்2 என்றால் 'டிஎஸ்' என்று தொடங்கும். பராந்தகன் கல்வெட்டைப் படிக்க நம்ம ஊருக்கு எங்கிருந்தோ வர்றாங்க, இந்த இரும்பு எழுத்தைப் படிக்கத்தான் ஆளில்லை.

சிலிண்டர் அளவை மட்டும் நம்பாதீங்க. இதில் லைனரைத் தனியாகக் கழற்றி மாத்தலாம், யாராவது வேற சைஸ் போட்டிருப்பாங்க. கார்புரேட்டரையும் பாருங்க: டிராக்டருக்குக் கீழேயிருந்து மேலே இழுக்கும், காருக்கு மேலேயிருந்து கீழே.

கிரைண்டர் மட்டும் வேண்டாம். எழுத்து அழிஞ்சா அது வெறும் இரும்பு. நம்பரை மாத்திட்டாங்கன்னு சந்தேகமும் வரும்.

விற்கும்போது முதல் கேள்வி, "கிராங்க் சுத்துதா?" இறுகியிருந்தா முரட்டுத்தனமா திருப்பாம, பிளக் ஓட்டையில் எண்ணெய் விட்டு நாலு நாள் ஊறப் போடுங்க. புதுப்பேட்டைக்குப் போனா பார்ட் பார்ட்டா பிரிஞ்சிடும். வேன்கார்டு வெச்சிருக்கிறவர்தான் சரியான ஆள். 50 வருஷம் தாண்டிய, அசல் மாறாத வண்டிகளை விண்டேஜாகப் பதிவு செய்யலாம்னு 2021ல் விதி வந்தபிறகு, அசல் எஞ்சினைத் தேடுறவங்க இருக்காங்க. பழைய ஆர்சி புக் இருந்தா எஞ்சினோடவே குடுங்க. பெரியப்பாகிட்ட அது இல்லை, அதனால ஸ்பேர் விலைதான் கேட்கிறோம். ரசீதில் எஞ்சின் நம்பரை எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுறதா பேச்சு.