வீட்டு வாசலில் நின்றுபோன காப்பீடு: அம்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வரலாறு

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, வாசிப்புக்காகச் சுருக்கியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

மேற்குப் புறநகர் வரலாற்றுல இதுவரைக்கும் ஏரி, ரயில் பாதை, தொழிற்பேட்டைன்னு பேசிட்டு வந்தோம். இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆவடியிலிருந்தும் கேட்டாங்க, பூந்தமல்லியிலிருந்தும் கேட்டாங்க. கேள்வி ஒண்ணுதான்: "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. நர்ஸ் வீட்டுக்கு வர்றாங்க, பிசியோதெரபிஸ்ட் வர்றார், ராத்திரிக்கு ஒரு அட்டெண்டர். வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறோமே, இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாதா?"

பெரும்பாலும் கிடைக்காது. இதைக் கேட்டதும் பலரும் நினைக்கிறது, "வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கிறதெல்லாம் புது வசதி, இன்சூரன்ஸ் கம்பெனிகள் இன்னும் அந்த அளவுக்கு வரலை" என்பதுதான். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நோய்க் காப்பீட்டுச் சட்டத்திலேயே வீடு இருந்தது. பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. அது எப்படிப் போனது என்பதுதான் இன்றைய கதை.

சட்டத்தில் இருந்த வீடு

1943-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு, தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு கொண்டுவர முடியுமா என்று பார்க்கச் சொல்லி பேராசிரியர் பி.பி. அதார்கரிடம் பொறுப்பைக் கொடுத்தது. 1944-ல் அவர் அறிக்கை கொடுத்தார். அதன் வழியாக வந்ததுதான் 1948-ம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். இந்தப் பேரை யாரும் சொல்றதில்லை. நமக்கு அது இ.எஸ்.ஐ.

அந்தச் சட்டத்தின் 56-வது பிரிவைப் பாருங்க. மருத்துவ உதவியை எந்தெந்த வடிவத்தில் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. ஆஸ்பத்திரியிலோ டிஸ்பென்சரியிலோ வெளிநோயாளியாகப் பார்க்கலாம். உள்நோயாளியாகச் சேர்த்துப் பார்க்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது: காப்பீடு பெற்றவரின் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம்.

இது தவறி வந்து விழுந்த வார்த்தை இல்லை. பிரிட்டனில் 1911-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர்களுக்கென்று 'பேனல் டாக்டர்கள்' இருந்தார்கள். நோயாளி எழுந்து வர முடியாவிட்டால் டாக்டர் வீட்டுக்குப் போவது அங்கே வழக்கம். அந்தக் காலத்து டாக்டர் பையோடு தெருவில் நடந்தவர். நம்ம ஊரிலும் அப்படித்தான். அன்றைக்குச் சட்டம் எழுதியவர்களுக்கு, வீடும் வைத்தியம் நடக்கிற ஓர் இடம் என்பதில் சந்தேகமே இருந்திருக்காது.

ஆனா அடுத்த பிரிவையும் படிக்கணும். 57-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, மாநில அரசோ கழகமோ எந்த வகையில், எந்த அளவில் ஏற்பாடு செய்திருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் எனக்கு இந்த வைத்தியம் வேண்டும் என்று உரிமையாகக் கேட்க முடியாது. 56 கதவைத் திறந்து வைத்தது. அந்தக் கதவு வழியாக யாரையாவது அனுப்புவதா வேண்டாமா என்பதை 57 நிர்வாகத்திடம் விட்டது.

ஆவடி, பாடி, அம்பத்தூர்

1952 பிப்ரவரி 24-ம் தேதி கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. தொடங்கியது. கான்பூரில் தொடங்கி வைத்தவர் நேரு. நம்ம மாநிலத்தில் முதலில் வந்தது 1955-ல், கோயம்புத்தூர் மில் தொழிலாளர்களுக்கு. அதே 1955-ல்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. நம்ம ஆவடிக்கு இந்தியா முழுக்கப் பேர் வந்தது அதனால்தான்.

அதற்குப் பின் வந்த பத்து, பதினைந்து வருஷத்தில் இந்தப் பகுதியே மாறிப்போச்சு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே வந்துவிட்டது. பிறகு டன்லப். 1960-களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன லேத் பட்டறைகள், பிரஸ் ஷாப்புகள்.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். ஆவடி டாங்கித் தொழிற்சாலை மத்திய அரசுடையது. அரசுத் தொழிற்சாலையில் இதற்கு இணையான சலுகைகள் இருந்தால் இ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தாமல் இருந்தது. அவர்களுக்கு அரசு ஊழியர் மருத்துவ ஏற்பாடுகள். சில கிலோமீட்டர் தள்ளி, பேட்டையில் வேலை பார்த்த டர்னருக்கும் ஃபிட்டருக்கும் இ.எஸ்.ஐ. கார்டு. ஒரே தெருவில் குடியிருப்பாங்க, ஒரே ரயிலில் போவாங்க. உடம்புக்கு வந்தா மட்டும் இவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

இ.எஸ்.ஐ. வளர்ந்த விதத்திலும் இரண்டு வழி இருந்தது. பம்பாய், கல்கத்தாவில் பேனல் முறை. அதாவது தனியார் டாக்டர்களையே தொழிலாளர்களுக்கு ஒதுக்கிக் கொடுப்பது. மற்றது டிஸ்பென்சரி முறை. சம்பளத்துக்கு டாக்டரை வைத்து, நோயாளி அங்கே வந்து வரிசையில் நிற்பது. நம்ம பக்கம் நின்றது டிஸ்பென்சரிதான். பெரிய வியாதி என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. இந்த அமைப்பு பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிரசவமும் ஆபரேஷனும் பார்த்திருக்கு. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனா இந்த ஏற்பாட்டில் டாக்டர் எழுந்து நோயாளி வீட்டுக்குப் போக நேரம் ஏது? வரிசை வெளியே நிற்கிறதே.

வீட்டில் கிடக்கிறவருக்கு இ.எஸ்.ஐ. கொடுத்தது வேறொன்று, பணம். நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. பக்கவாதம், காசநோய் மாதிரிப் பட்டியலில் உள்ள 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. இது நர்ஸை அனுப்பாது. ஆனால் வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள இந்தப் பணம் உதவியது.

கார்டு போன பிறகு

என் சித்தப்பா பேட்டையில் டர்னர். முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். சம்பளம் உச்சவரம்பைத் தாண்டினதும் இ.எஸ்.ஐ. போயிடுச்சு. இது அவர் ஒருத்தருடைய கதை இல்லை. 1948 சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 400 ரூபாய். 2010-ல் 15,000. 2017 ஜனவரியிலிருந்து 21,000. இன்க்ரிமென்ட் வரும்போது சந்தோஷம். கார்டு போகும்போதுதான் தெரியும்.

ஐந்து வருஷமாவது காப்பீட்டில் இருந்து, காப்பீட்டில் இருக்கும்போதே ஓய்வு பெற்றவருக்கு ஒரு நல்ல விதி உண்டு. வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். உச்சவரம்பைத் தாண்டி நடுவில் வெளியேறியவருக்கு அது கிடைக்காமல் இருந்தது. 2024 பிப்ரவரியில்தான் கழகம் இதைத் தளர்த்த முடிவெடுத்தது.

சித்தப்பா இடுப்பெலும்பு முறிந்து விழுந்தபோது அவர் பையனுடைய கம்பெனி பாலிசி இருந்தது. ஆபரேஷனுக்குப் பணம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மூணு மாசம் பகல் அட்டெண்டர், இரவு அட்டெண்டர். அந்த பில்லைக் கொடுத்தபோது திரும்பி வந்துவிட்டது. என்ன காரணம் என்று பாலிசியைப் புரட்டினேன். அப்போதுதான் இந்த எபிசோடுக்கான தேடல் ஆரம்பம்.

மெடிகிளெய்ம் பார்த்த வீடு

1986-ல் பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் நான்கும் மெடிகிளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம்ம சென்னைதான். மெடிகிளெய்மில் வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு. பேரைக் கேளுங்க: 'டொமிசிலியரி ஹாஸ்பிடலைசேஷன்'. அதாவது வீட்டிலேயே ஆஸ்பத்திரி.

நிபந்தனை என்னன்னா, அது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோயாக இருக்கணும். நோயாளியை நகர்த்த முடியாத நிலை இருக்கணும், அல்லது ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல் இருக்கணும். சிகிச்சை மூணு நாளுக்கு மேல் நடக்கணும். அதற்குப் பிறகு ஒரு பட்டியல்: ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டுவாதம், மனநோய். இவற்றுக்கு வீட்டில் வைத்தியம் பார்த்தால் பணம் கிடையாது. இன்றும் பல பாலிசிகளில் இந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இருக்கு.

யோசிச்சுப் பாருங்க. ஒரு வயசான மனுஷர் வீட்டில் இருந்தே வருஷக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்கள் எவை? ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

கம்பெனிப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். ஆஸ்பத்திரியில் சேர்த்தது, விட்டது இரண்டுக்கும் தேதி உண்டு, பதிவேடு உண்டு. வீட்டில் என்ன நடந்தது என்று எப்படிச் சரிபார்ப்பது? நீண்டகால நோய் எப்போது முடியும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? அந்த பயத்தில்தான் வீட்டுக்கு இத்தனை பூட்டு.

2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., அதாவது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான விலக்குகளின் வாசகத்தைச் சீராக்கியது. அதில் 5-வது எண்ணைத் தேடிப் பாருங்க. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க உதவுவது போன்ற பராமரிப்பு வீட்டில் நடந்தாலும் சரி, நர்ஸே செய்தாலும் சரி, அதற்குப் பணம் இல்லை. கடைசிக் காலத்தில் இருப்பவருக்கான ஆறுதல் சேவைகளும் அதே எண்ணுக்குள் அடங்கும். சித்தப்பாவின் பில் திரும்பி வந்தது இந்த எண்ணால்தான்.

14 நாள்

2020-ல் கொரோனா வந்தது, ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. அந்த ஜூலையில் ஆணையத்தின் உத்தரவுப்படி 'கொரோனா கவச்' பாலிசி விற்பனைக்கு வந்தது. அதில் வீட்டுச் சிகிச்சைக்கு 14 நாள் வரை பணம் உண்டு. டாக்டர் ஆலோசனை, பரிசோதனை, மருந்து, நர்ஸ் கட்டணம், ஆக்ஸிமீட்டர், ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாமே அதில் அடக்கம். தினமும் என்ன சிகிச்சை நடந்தது என்று டாக்டர் கையெழுத்தோடு பதிவு வேணும், அவ்வளவுதான். சரிபார்க்க முடியாது என்று 34 வருஷமாகச் சொல்லிவந்ததற்கு ஒரு தாளில் வழி கிடைத்தது. அதற்குப் பிறகு பல பாலிசிகளில் 'ஹோம் கேர் ட்ரீட்மென்ட்' என்று தனித் தலைப்பே வந்திருக்கு. ஆனா அதுவும் ஆஸ்பத்திரிக்குப் பதிலான சிகிச்சைதான். பராமரிப்பு அதில் வராது.

தமிழ்நாட்டு அரசின் காப்பீடும் ஆஸ்பத்திரியைச் சுற்றித்தான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதய ஆபரேஷனுக்கு வீட்டை விற்க வேண்டிய நிலையை இந்தத் திட்டங்கள் மாற்றின. டிஸ்சார்ஜ் ஆன பிறகு நடப்பதுதான் குடும்பத்தின் தலையில்.

காப்பீடு இல்லாமல் வந்தவர்கள்

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு வலிநிவாரண நர்ஸ், பிசியோதெரபி, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகள். இப்போ மெடிகிளெய்ம் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்க. காப்பீடு "வீட்டில் பார்த்தால் காசு கிடையாது" என்று தள்ளிய அதே சர்க்கரை, அதே ரத்த அழுத்தம். அதைத் தேடித்தான் அரசு வீட்டுக்கு வருது. பிரீமியம் இல்லாமல், நம் வரிப்பணத்தில்.

இதற்கும் ஒரு பழைய வேர் உண்டு. கிராம சுகாதார நர்ஸ் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க வீடு வீடாகப் போனது தமிழ்நாட்டில் பல வருஷப் பழக்கம். சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொதுச் சுகாதார நிறுவனம் நம்ம பூந்தமல்லியில்தான் இருக்கு. காப்பீட்டுச் சட்டத்தில் எழுதிவைத்த வீட்டு வருகையைச் செய்து காட்டியது சுகாதாரத் துறை.

ஆனா மாதம் ஒருமுறையோ வாரம் ஒருமுறையோ வருகிற நர்ஸ், ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க மாட்டார். அது யார் வேலை? மனைவி, மகள், மருமகள். கூலி கிடையாது, எந்தக் கணக்கிலும் வராது. வசதி இருந்தால் ஏஜென்சி மூலம் ஒரு பெண், அவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கா என்பது வேறு கேள்வி. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் இதற்கென்றே தனிக் காப்பீடு கொண்டுவந்தன. ஜப்பானில் 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள். ஜெர்மனியில் வீட்டுக்காரரே பார்த்துக்கொண்டால் அதற்குப் பணமும் உண்டு. குளிப்பாட்டுவதும் தூக்கி உட்கார வைப்பதும் காப்பீட்டுக்குள் வராத விஷயம் இல்லை என்று இந்த இரண்டு நாடுகளும் முடிவு செய்துவிட்டன.

நாம் இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரைக்கும், கேள்வி கேட்ட நேயர்களுக்கு மூன்று விஷயம். உங்க பாலிசியில் 'டொமிசிலியரி', 'ஹோம் கேர்' என்ற இரண்டு தலைப்பையும், அந்த 5-வது விலக்கையும் படிங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகான செலவுக்கு, பல பாலிசிகளில் 60 நாள் என்று இருக்கும், பிசியோதெரபியை டாக்டர் சீட்டில் எழுதி வாங்குங்க. அட்டெண்டர் பில்லோடு அதைக் கலக்காதீங்க. வீட்டில் ஓய்வுபெற்ற இ.எஸ்.ஐ. தொழிலாளி இருந்தால், அந்த 120 ரூபாய் விதியைப் பற்றி உங்க இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.