மணற்காட்டு வெயிலும் ஒரு ஸ்ரொப்பும்

கொடாக் ட்ரை-எக்ஸ் பிலிமோடு வந்த துண்டுத்தாளில் பனிக்கும் வெண்மணலுக்கும் ஒரே வரிதான். நல்ல வெயிலுக்கு 1/500 செக்கன், துவாரம் எவ் 16 (f/16). பனியிலோ வெண்மணலிலோ நின்றால் எவ் 22. பனியைக் கண்டேயிராத எங்கள் ஊர்ப் படப்பிடிப்புக்காரருக்கும் அந்த வரி வேண்டியிருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்காட்டில், மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலடியில் நண்பகல் வெயில் கண்ணைக் கூசவைக்கும். போருக்கு முந்திய ஆனையிறவில் உப்புக் குவியல்களும் அப்படித்தான்.

லைற் மீற்றருக்கு வெள்ளை தெரியாது. எதிரே இருப்பதெல்லாம், விழும் வெளிச்சத்தில் 18 வீதமளவைத் திருப்பியனுப்பும் சாம்பல் என்றே அது கணக்குப் போடும். புதுப்பனியோ 80 வீதத்துக்கு மேல் திருப்பியனுப்பும். மீற்றர் சொன்னபடி எடுத்தால் வெளிச்சம் இரண்டு ஸ்ரொப், அதாவது இருமுறை பாதியாக, குறைந்து, பனி சாம்பலாகும், ஆளின் முகம் கரியாகும். துண்டுத்தாள் மூடச்சொல்வது ஒரே ஒரு ஸ்ரொப்தான்; சுற்றியுள்ள வெண்மை முகத்திலும் வெளிச்சம் எறிகிறதே, அதற்காக. சூரியன் ஆளுக்குப் பின்னால் நின்றால் அந்த ஒன்றையும் நான் மூடமாட்டேன். முகம்தான் படம். நெகற்றிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

1990இல் போரினால் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பற்றரியில் ஓடிய மீற்றர்கள் ஊமையாகின. செலினியம் கண் வைத்த பழைய மீற்றர்களும் முழுக்க இயந்திரத்தில் ஓடும் கமராக்களும்தான் கைகொடுத்தன. செலினியம் மீற்றரும் இல்லாதவர்கள் துண்டுத்தாளை மனப்பாடம் செய்தார்கள். அந்த மனக்கணக்கை நான் பெரிய வித்தையாகவே மதிக்கிறேன்.

அதே காலத்தில் சூரிச்சிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பனிப்படங்கள் வந்தன. தானியங்கிக் கமரா ஒருமுறை ஏமாறும். எல்லாவற்றையும் சராசரிச் சாம்பலாக்கும் லாப் இயந்திரம் மறுமுறை ஏமாறும். தாய்மார் படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் மகனின் முகத்தைத் தேடினார்கள்.

எப்படி எடுப்பதென்று கேட்டவர்களுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: பனியை அளக்காதே. படத்துக்கு நிற்பவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையை நீட்டி அதை அள. உள்ளங்கை மீற்றரின் 18 வீதச் சாம்பலைவிட ஒரு ஸ்ரொப் வெளிச்சம் கூடியது, எந்த நிறத்தவருக்கும் பெரிதாக மாறாது. ஆகவே மீற்றர் காட்டுவதிலிருந்து ஒரு ஸ்ரொப் திற. லாப்காரரிடம், பனி வெள்ளையாக வரவேண்டும் என்று உறையிலேயே எழுதிக் கொடு.