பாஸ் என்றொரு சொல்

மழைக்குச் சரிந்த மதிலைத் திருத்த ஒருவர் வந்திருந்தார். கொழும்பு வழக்கப்படி நானும் அவரைப் "பாஸ்" என்றே அழைத்தேன். தேநீர் குடிக்கையில் அவர் கேட்டார்: "சேர், நீங்கள் தமிழ் படிப்பிக்கிறனீங்கள். கந்தோரில கதிரையில இருக்கிறவரும் பாஸ், சாந்து குழைக்கிற நானும் பாஸ். இதென்ன பகிடியோ?"

பகிடியன்று, இரண்டும் ஒரே சொல்தான். ஒல்லாந்து மொழியிலே பாஸ் என்றால் தலைவன், தொழிலில் முதல்வன் என்பது பொருள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1796 வரை இலங்கையின் கரையோரங்களில் ஆட்சி செய்தனர். கோட்டைகளும் பண்டகசாலைகளும் கட்டிய அவர்களது கொம்பனியில், தச்சரையும் கொல்லரையும் கல்வேலையாளரையும் நடத்தியவர் பாஸ். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், கந்தோரைப் போல இச்சொல்லும் இங்கே தங்கிவிட்டது. சிங்கள மக்கள் "பாஸ் உன்னெஹே" என்று மரியாதையும் சேர்த்து அழைப்பர்.

கந்தோர்ப் பாஸ் நெடுந்தூரம் சுற்றி வந்தவர். வட அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தரிடமிருந்து அச்சொல்லை ஆங்கிலம் பெற்றது. அடிமைமுறை நிலவிய அந்நாட்டில், ஒருவரை "எசமான்" என்று அழைக்கக் கூசிய வேலையாட்கள் இதனை விரும்பிக் கையாண்டனர் என்பர்.

கட்டடம் எழும்பும் இடத்தில் காதைக் கொடுத்து நின்றால் நமது வரலாறே கேட்கும். மேஸ்திரி என்பது போர்த்துக்கேயரின் "மெஸ்த்ரெ". ஆசான் என்று பொருள். (ஆகவே அவர் என் இனத்தவர்!) அலவாங்கும் யன்னலும் அவர்கள் மொழியே. மேசன் ஆங்கிலம். மூன்று ஆட்சிக்கும் மூன்று பெயர். சுவரை எழுப்பியவர் என்னவோ நம்மவர்தாம். கல்லைக் கொத்திச் சீர்ப்படுத்துபவரைத் தமிழ் கொத்தனார் என்றது. அந்த "ஆர்" விகுதியைக் கவனியுங்கள். புலவனாருக்குக் கொடுத்ததும் அதுவே. நாமோ இங்கு அச்சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டோம். வகுப்பிலே தந்தையின் தொழிலைக் கேட்கும்போது, "மேசன்" என்று சொல்லும் பிள்ளையின் குரல் தாழ்வதை ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான்தான் பழைய பாஸ். கூலியில ஏதும் கூடுமோ சேர்?" என்று சிரித்துக்கொண்டே மதிலுக்குத் திரும்பினார்.

மாலையில் பேசிய கூலியையே கொடுத்தேன்.