மேசைமேல் ஒரு புதைகுழி

மறுப்பதற்கு வழி பல உண்டு. "முடியாது" என்று முகத்துக்கு நேரே மொழிவது ஒரு வழி; அதிலே நேர்மையாவது இருக்கிறது. "பிறகு பார்ப்போம்" என்று புன்னகையோடு கூறிவிட்டு, பாராமலே இருந்துவிடுவது மற்றொரு வழி. சீர்திருத்தம் நாடுவோர் அதிகம் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாவது வழிக்குத்தான்.

அவை நடைமுறையில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. அதுதான் 'மேசைமேல் வைத்தல்'. நம் சட்டமன்றங்களில் ஓர் அறிக்கையை மேசைமேல் வைப்பதென்றால், அதை அவையின் பார்வைக்குக் கொண்டுவருவதென்று பொருள். அமெரிக்காவிலோ அதே சொல்லுக்கு நேர் எதிர்ப்பொருள்: அவையின் பார்வையினின்று அகற்றிவைப்பது! வேறு அலுவல் குறுக்கிடும்போது கையிலிருப்பதைச் சற்றே ஒதுக்கிவைக்கலாம், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் ஜெஃபர்சன் 1801 இல் வெளியிட்ட அவை நடைமுறைக் கையேடு விளக்கிற்று. நல்ல நோக்கத்தோடு பிறந்த விதி. நயவஞ்சகர் கையில் அது என்னவாயிற்று?

1830களில் அமெரிக்க மக்கள் ஆயிரக்கணக்கில் மனுக்கள் அனுப்பினர். தலைநகர் வாஷிங்டன் அமைந்த கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழித்திடுக என்பது அவற்றின் முதன்மையான வேண்டுகோள். வாக்குரிமை பெறாத பெண்கள் வீடுவீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டினர். வாக்குச்சீட்டு இல்லாதவர்க்கு மனுதானே வாய்!

அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டது பிரதிநிதிகள் சபை. 1836 மே 26 அன்று, 117க்கு 68 என்ற வாக்குகளில் தீர்மானம் நிறைவேறிற்று. அடிமை முறை பற்றிய மனு எதுவாயினும் அச்சிடப்படாது, குழுவுக்கு அனுப்பப்படாது, மேசைமேல் வைக்கப்படும், அதற்குமேல் நடவடிக்கை எதுவும் இல்லை. படிக்காமலே ஒதுக்குவது, ஒதுக்கியதை ஒருநாளும் எடுக்காதிருப்பது! மேசை, புதைகுழியாயிற்று. வரலாறு இதனை 'வாய்ப்பூட்டு விதி' என்றே அழைக்கிறது.

எதிர்த்து எழுந்தார் ஒரு முதியவர். 1825 முதல் 1829 வரை குடியரசுத் தலைவராய் வீற்றிருந்து, பின்னர் சாதாரண உறுப்பினராய்ச் சபைக்குள் வந்த ஜான் குவின்சி ஆடம்ஸ். அரசமைப்பையும், அவை விதிகளையும், தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் உரிமையையும் ஒருங்கே மீறும் செயல் இது என்று முழங்கினார். கூட்டத்தொடர்தோறும் அந்த விதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்கப்படுமுன் கிடைத்த இடைவெளியிலே மனுக்களைக் கொண்டுவந்து நீட்டினார். 1840 இல் ஆதிக்கக்காரர் அதை நிலையான விதியாக்கினர். இனி மனுக்களைப் பெறுவதே இல்லை என்றும் கடுமையாக்கினர். ஆனால் வாக்குகள் 114க்கு 108! 49ஆக இருந்த வேறுபாடு 6ஆகச் சுருங்கிற்று. பூட்டு பெரிதாயிற்று, பூட்டியவர் பலமோ சிறிதாயிற்று.

1842 இல் ஆடம்ஸ்மீதே கண்டனத் தீர்மானம் கொணர்ந்தனர். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் தரப்பைக் கூறும் உரிமை உண்டல்லவா? அந்த உரிமையைக் கேடயமாக்கினார்; எதைப் பேசக்கூடாதென்றனரோ அதையே நாள்தோறும் பேசினார். களைத்துப்போன சபை, 106க்கு 93 என்ற வாக்குகளில் அந்தக் கண்டனத் தீர்மானத்தை என்ன செய்தது தெரியுமா? மேசைமேல் வைத்தது! மக்கள் மனுக்களுக்கு வெட்டிய குழியில், அவர்தம் கண்டனமே வீழ்ந்தது.

1844 டிசம்பர் 3 அன்று, 108க்கு 80 என்ற வாக்குகளில் வாய்ப்பூட்டு உடைந்தது. 1848 பிப்ரவரியில் ஆடம்ஸ் சபையிலேயே சாய்ந்து, இரு நாட்களில் மறைந்தார். மேசைமேல் கிடந்த கோரிக்கை மட்டும் மாளவில்லை. 1862 ஏப்ரல் 16 அன்று கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1865 இல் நாடெங்கும் ஒழிந்தது.

ஒத்திவைப்பது குற்றமன்று. செய்தி போதாதபோது, நேரம் குறைந்தபோது, ஒத்திவைப்பதே அறிவுடைமை. நாள் குறித்து ஒத்திவைப்பது ஒழுங்கு. நாள் குறியாமல் ஒத்திவைப்பது, பெயர் மாற்றிய நிராகரிப்பு. நம் மன்றத்திலே கலப்பு மணத்துக்கு ஆதரவாகவோ, பெண்களை நிர்வாகக் குழுவில் சேர்க்கவோ ஒரு தீர்மானம் வருகிறது. "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்கிறார் ஒரு பெரியவர். சீறவேண்டாம், சோரவும் வேண்டாம். "எந்தக் கூட்டத்தில், ஐயா? தேதியை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவோம்" என்று பணிவோடு கேட்போம். அந்த நாளின் நிகழ்ச்சி நிரலில் அது முதற்பொருளாய் இடம்பெறச் செய்வோம். அன்றும் ஒத்திவைத்தால், மறுமுறையும் கேட்போம்.

மேசைமேல் வைப்பதற்கு அவர்களுக்குப் பெரும்பான்மை போதும். மீண்டும் எடுப்பதற்கு நமக்கு மறவாமை வேண்டும்!