இலங்கையில் வெறுப்பு வன்முறையும் சிங்களப் பேரினவாத அரசியலும்

இனத்தையோ மதத்தையோ முன்னிட்டு ஒரு சமூகத்தாரின் உயிர், கடை, வழிபாட்டிடம் ஆகியவற்றின் மேல் நடந்த தாக்குதல்களும், அவற்றோடு சேர்ந்து வளர்ந்த பேரினவாத அரசியலும். ‘தீவிர வலதுசாரி’ என்ற ஐரோப்பியப் பெயர் இங்கு முழுவதும் பொருந்தாது. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய கூட்டணியில் இடதுசாரிகளும் இருந்தனர்.

பதிவான முதல் மோதல்களில் ஒன்று, 1883 ஈஸ்டர் நாளில் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கியது.

1915 கலகம். இதற்கு வித்திட்டது மேளச் சத்தம். கம்பளையில் பள்ளிவாசலைக் கடக்கும் பெரஹரா ஊர்வலத்தின் மேளத்தை நிறுத்த வேண்டுமா என்ற வழக்கில், பௌத்தத்துக்குப் பாதுகாப்பு உறுதியளித்த 1815 கண்டி ஒப்பந்தத்தைச் சான்றாகக் கொண்டு 1914இல் மாவட்ட நீதிபதி பால் ஈ. பீரிஸ் பௌத்தர் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அவ்வாண்டு பௌத்தப் பண்டிகையான வெசாக் இரவில், மே 28 அன்று, கண்டிப் பள்ளிவாசல் அருகே பக்திப்பாடல் குழுவினருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட கைகலப்பு சில நாள்களில் கொழும்புவரை பரவியது. அரசுக் கணக்கில் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் 25 பேர். சூறையாடப்பட்ட கடைகள் நாலாயிரத்துக்கு மேல்.

தாக்குதலுக்கு முதல் இலக்கு, தமிழகக் கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த முஸ்லிம்கள். போர்க்கால விலையேற்றமே காரணம் என்பார் உண்டு. பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலவின் ‘சிங்கள பௌத்தயா’ இதழ் ஆண்டுக்கணக்கில் ஊட்டிய பகையைச் சுட்டுவோரும் உண்டு. தர்மபால அப்போது கல்கத்தாவில் இருந்தார்.

அப்போதைய பிரித்தானிய ஆளுநர் சால்மர்ஸ் பாலிமொழி அறிஞர். பௌத்த நூல்களில் தோய்ந்தவர். ஆயினும் பௌத்தத் தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டதும், ஜூலை 7 அன்று இளம் செல்வந்தர் ஹென்றி பெத்ரிஸைச் சுட்டுக்கொன்றதும் அவர் ஆட்சியே. பெத்ரிஸின் இரத்தம் படிந்த நாற்காலியைச் சிறையிலிருந்த தலைவர்களுக்குக் காட்டினர் என்பது செவிவழிச் செய்தி. சிங்களவருக்காக வாதாட லண்டன் சென்றவர் தமிழரான பொன்னம்பலம் இராமநாதன். அவர் திரும்பியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களவர் தாமே வண்டியை இழுத்தனர். முஸ்லிம்கள் அவரை மன்னிக்கவில்லை.

பின்னர். 1958, 1977 ஆண்டுகளில் தமிழர் தாக்கப்பட்டனர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. 1983 ஜூலையில், 13 படையினர் கொல்லப்பட்டதை அடுத்து, தமிழர் மீண்டும் தாக்கப்பட்டனர்; தாக்கியோர் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை அடையாளம் கண்டனர் எனச் சாட்சிகள் கூறுவர். வெலிக்கடைச் சிறையில் மட்டும் 53 பேர் கொல்லப்பட்டனர். அமைச்சர் சிறில் மத்தியூவின் தொழிற்சங்கத்துக்கு இவ்வன்முறையில் பங்கிருந்தது என்ற குற்றச்சாட்டு உண்டு. இறந்தோர் தொகை 400 முதல் 3,000 வரை பலவாறு சொல்லப்படும்.

2012இல் சிங்கள பௌத்தத் தேசியவாத அமைப்பான பொது பல சேனா தோன்றியது. அளுத்கம (2014), திகன (2018) ஆகிய இடங்களில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். திகன வன்முறையில் தன் தளத்தின் பங்குக்காக 2020இல் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 2019இல் அதன்கீழ்க் கைதானவருள் ஒருவர், உடையில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்த முஸ்லிம் பெண். அதைத் தர்மச்சக்கரம் என்று கொண்டது காவல்துறை.