பீத்தோவனின் மகோதரம்

பீத்தோவன் செவிப்புலனை இழந்த கதையை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அவர் உயிரைப் பறித்த நோயைப் பற்றி அவ்வளவாகப் படித்ததில்லை. 1826 டிசம்பரில் நுரையீரல் அழற்சியோடு படுத்தவர், பின்னர் காமாலையும் மகோதரமும் கண்டு, 1827 மார்ச் 26 மாலை வியன்னாவில் தம் இல்லத்திலேயே காலமானார்.

மருத்துவமனைக்கு அவர் செல்லவில்லை; மருத்துவமனை அவர் வீட்டுக்கு வந்தது. வியன்னா பொது மருத்துவமனையைச் சேர்ந்த பேராசிரியர் வாவ்ரூக் சிகிச்சையளித்தார். டிசம்பர் 20 அன்று அறுவை மருத்துவர் சைபர்ட் வயிற்றில் துளையிட்டு நீரை வடித்தார். வடிந்தது 25 இராத்தல் என்கிறது வாவ்ரூக்கின் குறிப்பு. அந்நிலையிலும் பீத்தோவன், பாறையைக் கோலால் தட்டி நீர் வரவழைத்த மோசேக்கு மருத்துவரை ஒப்பிட்டு நகையாடினாராம்.

நகைப்பு நீடிக்கவில்லை. துளையிட்ட இடத்தைச் சுற்றித் தோல் சிவந்து கனன்றது. அழுகத் தொடங்கும் அறிகுறியும் தோன்றியது. இரவில் கட்டைக் கவனமின்றித் தளர்த்தியதே காரணம் என்று வாவ்ரூக் எழுதிவைத்தார். கருவியையோ கையையோ ஐயுற அன்று எவருக்கும் தோன்றவில்லை. அதே மருத்துவமனையில் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் கைகழுவச் சொன்னது 1847-இல்தான். இதற்கிடையில், 1827 பிப்ரவரி 27-க்குள் மேலும் மூன்று முறை பீத்தோவனின் வயிறு துளையிடப்பட்டது.

மறுநாள் உடலை அறுத்து ஆராய்ந்தவர் வாக்னர் (இசைமேதை வாக்னர் அல்லர்; பெயரொற்றுமை மட்டுமே). கல்லீரல் பாதியாகச் சுருங்கி, தோல்போல் இறுகி, அவரைவிதையளவு முடிச்சுகளோடு இருந்தது. இந்நோய்க்கு லென்னெக் 1819-இல் 'சிரோசிஸ்' எனப் பெயரிட்டிருந்தார். மஞ்சட்பழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். கிரேக்கம் நிறத்தைப் பார்த்தது. தமிழ் 'கல்லீரல் சுருக்கம்' என உருவத்தைப் பார்த்தது. தமிழ்ப்பெயரே பொருத்தம் என்பது நம் துணிபு.

வாக்னரின் அறிக்கையில் நம்மை நிறுத்தியது வேறொரு செய்தி. வயிற்றில் நிறைந்திருந்த நீர் சாம்பல் கலந்த பழுப்பாக, கலங்கலாக இருந்தது என்கிறார். இன்றைய மருத்துவர் முதலில் ஐயுறுவது அந்தக் கலங்கலைத்தான். குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டுவது கல்லீரல். அது சுருங்கினால் இரத்தம் வடிகட்டப்படாமல் வேறு வழியே சுற்றிச் செல்கிறது. நோயெதிர்ப்புப் புரதங்களும் குறைகின்றன. எந்தத் துளையுமின்றியே வயிற்றுநீரில் குடற்கிருமிகள் குடியேறிவிடும். காய்ச்சலோ வலியோ இல்லாமலும் இது நிகழலாம். இந்நிலைக்கு அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு கான் பெயர் சூட்டியது 1964-இல். பீத்தோவனுக்கு நேர்ந்தது இதுவேயென்று நாம் சாதிக்கவில்லை. அந்நீரைச் சோதிக்க அன்று வழியில்லை.

இன்றும் இந்நோயோடு மருத்துவமனையில் சேர்வோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தொற்று காணப்படுகிறது. தொற்று வந்தால் இறப்பு நான்கு மடங்காகிறது. ஆயினும் ஒரு கன மில்லிமீட்டர் வயிற்றுநீரில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் 250-க்கு மேலிருந்தால் தொற்று என உடனே அறியலாம். 1999-இல் ஸ்பெயின் மருத்துவர்கள் 126 நோயாளரிடம் நடத்திய ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லியோடு ஆல்புமின் புரதத்தையும் செலுத்தியபோது மருத்துவமனை இறப்பு 29 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தது.

பீத்தோவனின் மது நாட்டத்தையும் வாவ்ரூக் குறித்துவைத்தார். கட்டு அவிழ்ந்தது, மது குடித்தார் என, எல்லாப் பழியும் நோயாளியின் பக்கமே சாய்ந்தது. அவர் குடித்தது உண்மையே. ஆனால், இறுதி மாதங்களில் குளிரூட்டிய மதுக்கலவையை மருந்தாகவே பரிந்துரைத்தவர் மல்ஃபாட்டி என்ற மருத்துவர்! 2023-இல் பீத்தோவனின் தலைமுடியிலிருந்து மரபணுவைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், கல்லீரல் நோய்க்கு வழிகோலும் பரம்பரைக் கூறுகள் அவரிடம் இருந்ததையும், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பேனும் ஹெபடைடிஸ்-பி கிருமி தொற்றியிருந்ததையும் கண்டறிந்தனர்.